நெஞ்சைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள், நடக்கவிட்டும் பார்த்தார்கள். இதயம் மட்டும்தான் பாக்கி. அதையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார்.

நான் மூச்சு வாங்கியதுதான் குற்றம். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயம் மலை உச்சியில் இருக்கிறது. வந்தவர்களுக்குச் சோடா போதவில்லை என்று, கல்யாணப் பெண்ணையே ரோட்டுக் கடைக்கு அனுப்பி வைத்தது எங்கள் வீட்டு மூளை. பட்டுச்சேலையோடு போத்தல்களைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? அதே ஏற்றத்தில் அந்த அம்மா அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்து சேர்ந்தார். அவருக்கு வந்தது களைப்பாம். எனக்கு வந்தது நோயாம்.

போங்கடா என்று விட்டிருப்பேன். ஆனால் எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம்? பிளேன்டீ குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்த ஆண்பிள்ளையை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இந்தக் கல்யாணம் நடக்கவேண்டும் என்று சாமி கும்பிட்டேன்.

ஹட்டன் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். அந்த அம்மா ஸ்கேன் அறைக்குள்ளேயே வந்து நின்றுகொண்டார். வெளியே விட்டால் நாங்கள் வேறு யாருடைய நெஞ்சையாவது காட்டி ஏமாற்றிவிடுவோமே.

சிங்கள டாக்டரம்மா ஜில்லென்று ஜெல் தடவி, விலாவில் கருவியை வைத்து அழுத்தினார். திரையில் என் இதயம் கறுப்பு வெள்ளையில் திறந்து திறந்து மூடியது. ஒரு பொத்தானைத் தட்டியதும் ரத்தம் சிவப்பும் நீலமுமாகப் பாய்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் வந்த காரியத்தையே மறந்துபோனேன்.

"நீலமா ஓடுதே, கெட்ட ரத்தமா?" என்றார் அந்த அம்மா.

டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். கருவிப் பக்கம் வரும் ரத்தத்தை மெஷின் சிவப்பாகக் காட்டுமாம், விலகிப் போவதை நீலமாகக் காட்டுமாம். எல்லாருக்கும் அப்படித்தானாம், எனக்கு ஒரு கோளாறும் இல்லையாம். வேண்டுமானால் உங்களுக்கும் பார்க்கவா என்றும் கேட்டார். அந்த அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியேறிவிட்டார்.

நானும் பின்னாலேயே போனேன். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து நின்றார். பக்கத்திலேயே நிற்கும் என்னை விட்டுவிட்டு, அம்மாவிடம் கேட்டார்.

"என்னாம்மா சொன்னாங்க?"

"நீல ரத்தம் ஓடுதுடா. வேணாம், வா."

"டாக்டர் ஒரு கோளாறும் இல்லன்னுதான் சொன்னாங்க," என்றேன். "சந்தேகம்னா நீங்களே உள்ள போயி கேளுங்க."

கதவு திறந்துதான் கிடந்தது. டாக்டரும் உள்ளேதான் இருந்தார். மாப்பிள்ளை கதவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு அம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

இருவரும் டயகம பஸ்ஸுக்கு நடந்தார்கள். கோளாறே இல்லாத என் நெஞ்சு அன்றைக்குப் பூராவும் வலித்தது.