சொல்தாவின் இடது கழுத்து

பிள்ளைகளா, நீங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்னால், இரண்டாயிரத்தெட்டு வாக்கில், மூலக்குளத்தில் நம் சலூனில் சொல்தாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். இடது தாடைக்குக் கீழே கத்தி ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கியது. புளியங்கொட்டை அளவு. அழுத்தினால் வலிக்கவில்லை என்றார். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களை நம் ஊரில் சொல்தா என்போம். "நெறி கட்டியிருக்கும் ஐயா, மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சிப் போடுங்க" என்று பெரிய வைத்தியன்போலச் சொன்னேன். அது என் தப்பு.

ஒரு மாதம் போயும் மேடு கரையவில்லை, பெரிதாகத்தான் ஆனது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "பீடி கெடையாது, பிராந்தி கெடையாது, எனக்கு இன்னா வந்துடும் தம்பி?" என்று சிரித்தார். பாதிச் சவரத்தில் கத்தியை மடித்து வைத்துவிட்டேன். "வரேன்னு சொன்னாத்தான் மீதி." நுரையோடு கண்ணாடியைப் பார்த்தவர், "சரிப்பா, முடிச்சி உடு. நாளைக்கே போவலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய், கழுத்துக்கும் இறங்கியிருந்தது. எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம் என்றார் டாக்டர். பெரியவர்கள் நெருங்கி வாழும் வாழ்க்கையில் பலருக்கும் வந்து, தெரியாமலே போய்விடுகிற கிருமியாம். சிலருக்கு மட்டும் தொண்டையில் தங்கி, பல வருஷம் கழித்து அங்குள்ள செல்களைக் கட்டுக்கடங்காமல் வளரவைத்துவிடுமாம்.

கதிர் சிகிச்சை முடிந்து மெலிந்து வந்தவரை ஊர் விடவில்லை. "சொல்தாவாவது, குடிக்காம இருக்கறதாவது!" என்றார்கள் சிலர். வைரஸ் என்று கேள்விப்பட்டவர்கள் அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்காரத் தயங்கினார்கள். "நான் வூட்லயே சவரம் பண்ணிக்கிறேன் தம்பி, உன் பொழப்பு கெட்டுடும்" என்றார். புற்றுநோய்க்கு அசராத மனுஷனின் குரல் அன்றைக்குத்தான் உடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் நிறைந்திருந்தபோது அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். "துண்டுல, நாற்காலியில இது ஒட்டாதுன்னு டாக்டர் எங்கிட்டயே சொன்னாரு. நம்பாதவங்க வேற கடை பாத்துக்குங்க." இரண்டு பேர் எழுந்து போனார்கள், போகட்டும். கதிர் பட்ட இடது பக்கத்தில் முடியே முளைக்கவில்லை. "இந்தப் பக்கம் உனக்கு லீவுப்பா" என்றார் சொல்தா. காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் எழுந்ததும் அடுத்த ஆள் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

இன்றைக்கு அந்தக் கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. பெண்பிள்ளைக்கு மட்டுமல்ல, பையனுக்கும் போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். ஊசி என்றாலே நீங்கள் இரண்டு பேரும் மாடிக்கு ஓடுவீர்கள் என்று தெரியும். சனிக்கிழமை ஊசி போடப் போகிறோம். கடையைப் பூட்டிவிட்டு, மாடிப்படியில் நான் உட்கார்ந்திருப்பேன்.