குனிந்த பெண்களுக்குக் கீழே ஒரு வரி

மழை விட்டு வெயில் ஏறிய ஒரு காலையில் அந்த மரச்சட்டங்களிலிருந்து கிளம்பிய வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பூஞ்சணமும் பழைய பசையும், அவற்றுக்கு மேலே ஏலக்காய் உலர்த்தும் அறையின் புகையும் கலந்த வாடை அது. போடியில் நாங்கள் படித்த பெண்கள் பள்ளியின் மாடி வராந்தாவில் அந்தச் சட்டங்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். மலைமேல் பெரிய ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி, வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாவை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, அதன் சுவர்களில் தொங்கிய படங்களை ஜீப்பில் ஏற்றி எங்கள் பள்ளிக்கு அனுப்பிவிட்டார். எல்லாம் ஐரோப்பாவின் பழைய ஓவியங்களுடைய அச்சுப்படிகள். அவர் எங்கள் பள்ளிக் கமிட்டியில் முக்கியமானவர். அதனால் அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதைக்கூட நாங்கள் நன்கொடை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

இன்று அதே ஓவியங்களைக் கைப்பேசியில் தினமும் பார்க்கிறேன். யாரோ ஒரு ராணியின் முகத்துக்குக் கீழே மாமியார் வசனம், யாரோ ஒரு பிரபுவின் தொப்பிக்கு மேலே அலுவலகக் கிண்டல். குடும்பக் குழுவில் தம்பி அனுப்புகிறான், கல்லூரியில் மாணவிகள் அனுப்புகிறார்கள், எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை முகங்களைப் பதிலாகப் போடுகிறார்கள். சிரிக்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை. எனக்குக் கோபம் வருகிறது, இத்தனை வருடம் கழித்தும் அது ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

அப்போது நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பேச்சியம்மாள், சிலமலையிலிருந்து பஸ்சில் வருவாள். அவள் அம்மா விடியுமுன் போடிக்கு வந்து, ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்குக் "காயெடுக்க" போகிறவர். ஏலச்செடியில் காய் அடித்தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். அதை எடுக்கிறவள் காலையிலிருந்து மாலை வரை குனிந்தே இருக்க வேண்டும். என் அத்தா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) போடியில் ஏலக்காய் வாங்கி விற்கும் வியாபாரி. ஆக, பேச்சி வீட்டில் பறித்த காய் எங்கள் வீட்டு வழியாக ஊருக்குப் போனது என்று சொல்லலாம். எங்கள் இருவருக்கும் அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. அவளுக்கு வாய் துடுக்கு, எனக்கு அவளுக்குப் பக்கத்தில் இருந்து சிரிப்பது பிடிக்கும், அவ்வளவுதான்.

படங்கள் வந்த வாரத்தில் டிராயிங் சார் எங்களை மாடிக்குக் கூட்டிப் போனார். "படத்தைப் பாத்து மிரளாதீங்க. இவங்களும் மனுசங்கதான். ஒவ்வொருத்தரும் என்ன பேசுவாங்கன்னு நம்ம ஊருப் பேச்சுல ஒரு வரி எழுதுங்க. படிச்சா சிரிப்பு வரணும்" என்றார். இதைச் சொன்னது அவர்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு அவரே அதை மறந்துபோனார்.

நாங்கள் எழுதினோம். உதட்டைப் பிரிக்காமல் சிரித்துக்கொண்டு கைகளை மடியில் வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்குக் கீழே, "ஏலத்துல இன்னைக்கு ஏலம் என்ன வெலைக்குப் போச்சுன்னு இவளுக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டா" என்று நான் எழுதினேன். அத்தாவின் கடையில் கேட்டுப் பழகிய பேச்சு. தலையில் நீலத்துணி கட்டி, காதில் முத்து தொங்க, திரும்பிப் பார்க்கும் பெண்ணுக்குப் பேச்சி எழுதினாள்: "என்னத்தா அப்படிப் பாக்குறீக? இது கவரிங்கு." பாலத்தின் மேல் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாய் பிளந்து அலறும் உருவத்துக்கும் அவள்தான்: "டிரைவர் அண்ணே, பாட்ட அப்புறம் மாத்தலாம், வளைவப் பாத்து ஓட்டுங்க!" போடிமெட்டுச் சாலையில் ஒரு தடவை ஜீப்பில் போனவருக்கு அந்த முகத்தை விளக்க வேண்டியதில்லை. குதிரைமேல் உட்கார்ந்த கொழுத்த ராஜாவுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம்: "போட்டோ எடுத்தாச்சா? குதிரைக்கு மூச்சு வாங்குது."

கடைசியில் ஒரு படம். அறுவடை முடிந்த வயலில் மூன்று பெண்கள். இரண்டு பேர் இடுப்பை ஒடித்துக் குனிந்து உதிர்ந்த கதிர்களைப் பொறுக்குகிறார்கள், மூன்றாமவள் பாதி நிமிர்ந்திருக்கிறாள். தூரத்தில், சின்னதாக, குதிரைமேல் ஒரு ஆள் மேற்பார்வை பார்க்கிறான். பேச்சி அந்தப் படத்தின் கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "நிமிராதீகடி, மொதலாளி ஜீப்பு இன்னும் வளைவு தாண்டல."

டிராயிங் சார் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். வெட்டிய அட்டைகளில் எல்லா வரிகளையும் எங்களையே எழுதச் சொல்லி, படங்களைச் சுவரில் மாட்டி, அவற்றுக்குக் கீழே குத்திவைத்தார். தலைமையாசிரியை நடந்து பார்த்தார். சட்டங்கள் நேராகத் தொங்குகின்றனவா என்று பார்த்தாரே தவிர, அட்டைகளைப் படிக்கவில்லை.

முதலாளி பார்க்க வந்த அன்று வராந்தாவைக் கழுவி விட்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நல்ல உயரம். முதல் படத்துக்குக் கீழே குனிந்து படித்து, "ஏலத்துல ஏலமா!" என்று உரக்கச் சிரித்தார். தலைமையாசிரியையும் சிரித்தார். கவரிங்குக்குச் சிரித்தார், டிரைவர் அண்ணனுக்குத் தொடையைத் தட்டிச் சிரித்தார். குதிரைக்கு முன்னால் வந்தபோது, "யாரும்மா இதெல்லாம் எழுதுனது? பிரமாதமா இருக்கே!" என்று எங்கள் வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

பேச்சி கையைத் தூக்கினாள். "நாந்தான் சார். நானும் பர்வீனும்." அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பரிசு ஏதாவது கிடைக்கும் என்று எங்கள் இருவருக்கும் நிச்சயமாகத் தோன்றியது.

அவர் அடுத்த படத்துக்குப் போனார். படித்தார். திரும்பியபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது?"

"நாந்தான் சார்."

"எந்த ஊரு நீ?"

"சிலமலை சார்."

"அம்மா என்ன செய்யுது?"

"காயெடுக்கப் போகுது சார்."

"எந்தத் தோட்டம்?"

"ஒங்க தோட்டந்தான் சார்" என்றாள் பேச்சி. அதைச் சொன்னால் அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் அவள் அப்போதும் நினைத்திருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

முதலாளி படியிறங்கிப் போய்விட்டார். தலைமையாசிரியை அந்த அட்டையைப் பிடுங்கிக் கிழித்தார். "யாரு உங்களை இதெல்லாம் எழுதச் சொன்னது?" என்று கத்தினார். நான் டிராயிங் சாரைப் பார்த்தேன். அவர் சட்டங்களில் ஒன்று சாய்ந்திருக்கிறது என்பதுபோல அதைச் சரி செய்துகொண்டிருந்தார். அந்த முதுகை நான் மறக்கவில்லை. "பாதி நான் எழுதுனது மிஸ், சார்தான் எழுதச் சொன்னாரு" என்றேன். "நீ பேசாம இரு பர்வீன், ஒன்னைக் கேக்கல" என்றார்.

மறுநாள் பேச்சியின் அம்மாவை வரச் சொன்னார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர் வந்தார். என்னை உள்ளே விடவில்லை, நான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். அவரை உட்காரச் சொல்லவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. தலைமையாசிரியை நிறைய பேசி முடித்தபின், அவர் மகளிடம் திரும்பி, "அப்படி என்னத்தா எழுதுன? சொல்லு பாப்பம்" என்றார். பேச்சி அழுதுகொண்டே சொன்னாள்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். அடக்க முடியாத சிரிப்பு, முந்தானையால் வாயை மூடியும் நிற்கவில்லை. "அடியே, இது நாஞ் சொன்னதுதான!" என்றார். பிறகு தலைமையாசிரியையைப் பார்த்து, "டீச்சரம்மா, இது நாங்க மலையில தெனமும் பேசுற பேச்சு. வாயில சொன்னா குத்தமில்ல, எழுதுனா மட்டும் குத்தமா?" என்று கேட்டார்.

"பங்களாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. பெறகு பாக்கலாம்."

"என்னன்னு கேக்க? நாங்க குனியுறதே இல்லைன்னு சொல்லவா?"

பதில் இல்லாதவர்கள் கையில் அதிகாரம் இருந்தால் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். பேச்சிக்கு டி.சி. கிழித்துக் கொடுத்துவிட்டார்கள், "ஒழுங்கீனம்" என்று. அடுத்த நாள் விடியலில் ஜீப் புறப்படும் இடத்தில் டிரைவர், "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. ஒங்கள ஏத்த வேண்டாம்னுட்டாக" என்று அவள் அம்மாவை இறக்கிவிட்டார்.

என்னையும் தண்டிக்கட்டும் என்று நினைத்தேன். அதே வரியை ஒரு பெரிய அட்டையில் எழுதி, கீழே என் பெயரையும் வகுப்பையும் போட்டு, அந்தப் படத்துக்கு அடியில் குத்திவைத்தேன். அன்று மதியமே அத்தாவை வரவழைத்தார்கள். நாற்காலி போட்டு, காபி வாங்கிக் கொடுத்து, "புள்ள சகவாச தோசத்துல எழுதிருச்சு, நீங்க சொல்லி வைங்க பாய்" என்றார்கள். அந்த அறையில், அதே மேசைக்கு எதிரே, முந்தின நாள் பேச்சியின் அம்மா நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். எழுதியது ஒரே வரி. எனக்குத் தண்டனைகூடக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அத்தா, "அவரு காயி நம்ம கடைக்கு வருதும்மா. நமக்கு எதுக்கு இந்தச் சோலி? நீ படிப்பப் பாரு" என்றார். அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. வழியில் அல்வா வாங்கித் தந்தார். நான் தொடவில்லை. அத்தா கெட்டவர் அல்ல. யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாத, கடை வாசலில் வருகிறவருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிற மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் என் கோபத்தைச் சுமப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பேச்சியின் அம்மா வேறொரு தோட்டத்துக்குப் போனார், இன்னும் உள்ளே, கேரள எல்லையைத் தாண்டி. அவ்வளவு தூரத்துக்குத் தனியாக எப்படிப் போவது என்று மகளையும் கூட்டிக்கொண்டார். "இந்த சீசன் மட்டுந்தான் பர்வீனு, பெறகு வேற பள்ளிக்கூடத்துல சேந்துருவேன்" என்று பஸ் நிறுத்தத்தில் வைத்து என்னிடம் சொன்னாள். சேரவில்லை. சேர்ப்பதற்கு யாரும் போய்க் கூப்பிடவும் இல்லை.

முதலாளி இப்போது இல்லை. அந்தப் பள்ளியில் மாலையிட்ட படமாகத் தொங்குகிறார். தலைமையாசிரியை ஓய்வு பெற்று, நல்ல விதமாக வாழ்ந்து முடித்தார். டிராயிங் சாரை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், "நல்லா இருக்கியாம்மா?" என்றார், பேச்சியைப் பற்றிக் கேட்டபோது அப்படி ஒரு மாணவி நினைவில்லை என்றார். மாடி வராந்தாவைத் தடுத்துக் கம்ப்யூட்டர் அறையாக்கிவிட்டார்கள். படங்கள் எங்கே போயின என்று கேட்டேன். புதிதாக வந்த ஆசிரியைகளுக்குப் படங்கள் இருந்ததே தெரியவில்லை.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் என் மாணவிகள், பழைய ஓவியங்களுக்கு வேடிக்கையாக வசனம் எழுதும் போட்டி ஒன்று வைத்து, என்னை நடுவராகப் போட்டார்கள். அந்த வாரக் கடைசியில் போடிக்கு ரயிலில் வந்து இறங்கி, சாயங்காலம் கடைவீதிக்குப் போனபோது, மலையிலிருந்து இறங்கிய ஜீப்பிலிருந்து பேச்சி இறங்கினாள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, விரல்களில் காய்க்கறை. என்னைப் பார்த்ததும் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் என் கையைப் பிடித்தாள். அவள் மகள் தேனியில் நர்சிங் படிப்பதைச் சொன்னாள். அம்மா போன வருடம் தவறிவிட்டதைச் சொன்னாள்.

என்ன நினைத்தேனோ, கைப்பேசியைத் திறந்து, மாணவிகள் அனுப்பியிருந்த ஒரு ஓவியத்தை அவளிடம் நீட்டினேன். வைக்கோல் போர் நிழலில், உச்சிவெயிலில், வேலையை நிறுத்திவிட்டு ஒரு ஆணும் பெண்ணும் அயர்ந்து தூங்குகிறார்கள். பக்கத்தில் அவன் கழற்றிப் போட்ட செருப்பு, இரண்டு அரிவாள்.

"இதுக்கு ஒரு வரி சொல்லு பேச்சி. ஒன்ன மாதிரி யாரும் சொல்ல மாட்டாக."

அவள் வெகுநேரம் பார்த்தாள். அந்தக் காலத்தில் இதற்குள் நாலைந்து வரி கொட்டியிருப்பாள், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"நல்லாத் தூங்குறாக ரெண்டு பேரும்" என்றாள். "எழுப்பாத."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பஸ்சு வந்துருச்சு, வர்றேன் பர்வீனு" என்று வெரசாக ஓடினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டாள். நான் கீழே, அந்த ஜன்னலுக்கு நேரே, அவளிடம் சொல்ல எவ்வளவோ வைத்துக்கொண்டு, பஸ் கிளம்பும்வரை நின்றேன். கூப்பிடவில்லை.