ஊதிக் காட்டு

உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கும் அந்தக் கூட்டத்தில் குடிக்காதவர்கள் இரண்டே பேர். நெட்டையன் ஒருவன். இன்னொருவனுக்குப் பால்புட்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் மற்றவர்கள் ஒரு பக்கம் ஒதுங்கினால் இவர்கள் டீக்கடைக்குப் போவார்கள். சினேகம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ஒருவன் தொங்கும்போது அவன் ஜோடி மொட்டைமாடியில் நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் குடித்திருக்கவில்லை என்று தெரிய, கயிறு கட்டும் முன் ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதிக் காட்டுவது அங்கே வழக்கம்.

"ஊதுடா."

"போதுமா? இன்னும் கொஞ்சம் வேணுமா?"

"காலங்காத்தாலயே முத்தமாப்பா?" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். பால்புட்டிக்கு அந்தக் கிண்டல் பிடிக்கும்.

பிறகு மாஜி வந்தார். மொடாக்குடியராக இருந்து அடியோடு விட்டவர். அதனால்தான் அந்தப் பெயர். நெட்டையன் அவரோடு ஜோடி சேர்ந்தான். டீக்கடைக்கும் அவரையே கூட்டிப்போனான்.

"என்னடா, என்னை மறந்தே போச்சா?"

"அவரு தடுமாறிடக் கூடாதுடா. உனக்கென்ன, நீ கல்லு மாதிரி."

கல்லாம். பால்புட்டிக்கு வயிறு எரிந்தது. விழுந்து எழுந்தவனைத் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். விழவே விழாதவன் என்ன பாவம் செய்தான்? ஒழுக்கத்துக்காகக் குடிக்காமல் இருந்தானா, நெட்டையனுக்காகவா? அவனுக்கே தெரியவில்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குவார்ட்டர் பாட்டில் வாங்கினான். மதியம் எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்கியதும் மாஜியின் பையைத் திறந்தான். பாட்டிலை அதற்குள் ஒளித்துவைக்கப் போனான். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பாட்டிலை அவசரமாகத் தன் பையிலேயே திணித்தான். கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

வந்தவன் நெட்டையன். பின்னாலேயே மாஜி.

"டேய்... நீயா?" நெட்டையன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் கை போட்டான். "எப்பலேருந்துடா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

உண்மையைச் சொன்னால் இந்தக் கை போய்விடும்.

"இப்பதான்..." என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"இனிமே எங்கூடத்தான் இருக்கணும். எங்க, ஊதிக் காட்டு."

ஊதினால் வாடை வராது. குட்டு உடைந்துவிடும்.

அதற்குள் மாஜி பாட்டிலை எடுத்திருந்தார். மூடியின் சீல் அப்படியே இருந்தது. பக்கத்தில் அவருடைய பை வாய் பிளந்து கிடந்தது. இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு மூடியைத் திருகி, எல்லாவற்றையும் தண்ணீர் போகும் குழாயில் கவிழ்த்தார். வாடை ஏறாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"நகரு நெட்டை, நான் பாக்கறேன். எனக்குத் தெரியாத வாடையா? ஊதுங்க தம்பி."

ஊதினான். மாஜி ஒரு நிமிஷம் அவன் கண்ணையே பார்த்தார்.

"ஆமா, லேசா அடிக்குது. நீ இவருகூட இரு நெட்டை. நான் வேற ஜோடி பாத்துக்கறேன்."

கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். நெட்டையன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் பால்புட்டியின் கண் மாஜியின் முதுகையே துரத்தியது. இந்த மனசு அந்த ஆளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று மறுபடியும் வயிறு எரிந்தது.