உபயம்: சுகுமாரன்

என் மச்சான் சுகுமாரன் குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று. லாரி கம்பெனியில் மூன்று வருடமாக வருமானமே இல்லை என்று வரி இலாகாவுக்குப் பொய்க் கணக்கு காட்டியவர். வருகிற வியாழக்கிழமை ஈப்போ நீதிமன்றத்தில் தண்டனை. அபராதத்தோடு விடுவார்களா, உள்ளே தள்ளுவார்களா என்று என் அக்கா நவமணிக்குச் சோறு இறங்கவில்லை. இவரோ கல்யாண வீட்டுக்காரர் மாதிரி பரபரத்துக்கொண்டிருந்தார்.

காரணம், வக்கீல் தினேஸ்வரி சொன்ன ஒரு வார்த்தை. "அண்ணே, ஊருக்கு நீங்க செஞ்ச நல்லது ஏதாச்சும் இருந்தா ஆதாரத்தோட கொண்டாங்க. ஜட்ஜ்கிட்ட காட்டி தண்டனைய கொறைக்கச் சொல்லிக் கேக்கலாம்."

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "தம்பி, கார எடு! நம்ம செய்யாத நல்லதா லா?"

சுங்கை சிப்புட்டைச் சுற்றி ஒரு தோட்டத்துக் கோயிலை விடவில்லை. மின்விசிறி, குழல்விளக்கு, பீரோ, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றிலும் சிவப்பு எழுத்தில் 'உபயம்: சுகுமாரன்'. ஒரு கோயிலில் சாமியின் பெயரைத்தான் தேட வேண்டியிருந்தது. ஏணி போட்டு ஏறி, தூசியைத் துடைத்துத் துடைத்து அறுபத்திரண்டு படங்கள் எடுத்தார். எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. தப்பித்துவிடுவார் என்றே நம்பினேன்.

மறுநாள் தினேஸ்வரி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முகம் மாறியது.

"அண்ணே, பேருக்குக் கீழ வருஷம் போட்டிருக்கே, பாத்தீங்களா? வருமானமே இல்லன்னு நீங்க எழுதிக் கொடுத்த அதே மூணு வருஷம். இத காட்டினா அரசாங்க வக்கீல் என் கையப் புடிச்சு திரிமா காசேன்னு நன்றி சொல்லுவாரு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சானைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"பேரு போடாம செஞ்சது ஏதாச்சும் இருக்கா, அண்ணே?"

மச்சான் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். பாவமாக இருந்தது.

சட்டென்று எனக்குப் பொறி தட்டியது. "இருக்கு! நம்ம பழைய டிரைவர் சன்னாசி அண்ணன். நாலு வருஷமா வாரம் மூணு தடவ மச்சான் கார்லதான் ஈப்போவுக்கு ரத்தம் சுத்திகரிக்கப் போறாரு. ஒரு காசு வாங்கினதில்ல."

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா!" தினேஸ்வரி துள்ளி எழாத குறை. "சன்னாசிகிட்ட ஒரு கடிதம் வாங்கினா போதும். ஜட்ஜ் நிச்சயம் யோசிப்பாரு." பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். அக்காவுக்குச் சொல்ல நான் போனை எடுத்தேன்.

மச்சான் காகிதத்தின்மேல் கையை வைத்தார்.

"அது நான் செய்யல, மேடம். நவமணி ஓட்டிக்கிட்டுப் போறா. பெட்ரோல் இவ்ளோ ஏன் போகுதுன்னு நான் அவள ஏசித்தான் இருக்கேன்."

"கார் உங்க பேருலதானே இருக்கு? யாரு கேக்கப் போறா?" என்று மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என் பேர போடாதீங்க," என்றார்.