அதிபரின் நெற்றியில் மக்னீசியம் ஒட்சைட்டு

இதை எழுதலாமோ விடலாமோ என்று பல வருசம் யோசித்தேன். திருநீறு சம்பந்தப்பட்ட விசயம், சரஸ்வதி அம்மாளைப் பகிடி பண்ணினதாக ஆரும் நினைப்பார்களோ என்ற பயம். இப்போது பென்சன் எடுத்துவிட்டேன். ஆய்வுகூட வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் சாதாரணதரத்தோடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடமராட்சியில் ஒரு சின்னப் பாடசாலை. அங்கே நான் ஆய்வுகூட உதவியாளர். உயர்தர விஞ்ஞான வகுப்பில் பிள்ளைகள் குறைவு. வகுப்பை மூடுவதா இல்லையா என்று பார்க்க வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு பணிப்பாளர் வர இருந்தார். மூடினால் நெல்லியடிப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். பஸ் ஏறிப் போக வசதியில்லாத பிள்ளைகளுக்குப் படிப்பு அதோடு சரி.

அவர் வந்த அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கெமிஸ்ரி ரீச்சர் அனுபவச் சூத்திரம் காணும் பரிசோதனையை வைத்தார்; மக்னீசியமும் ஒட்சிசனும் எத்தனைக்கு எத்தனை சேருகின்றன என்று பார்ப்பது. மக்னீசியம் நாடாவைத் தராசில் நிறுத்து, புடக்குகை என்ற வெள்ளைக் கிண்ணத்தில் போட்டுச் சூடாக்கினால், காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்து வெள்ளைத் தூளாகும், அதுதான் விளைபொருள். கூடின நிறைதான் ஒட்சிசன். தூள் கொஞ்சம் பறந்தாலும் கணக்குப் பிழைக்கும். போத்தலில் கிடந்த கடைசி நாடா அது.

கடற்காற்றுப் படாத இடம் சரஸ்வதி படத்தடித் தட்டு ஒன்றுதான். அங்கே இருக்கும் திருநீற்றுக் கிண்ணத்தை வெள்ளிக்கிழமையில் கழுவி நிரப்ப நான் எடுத்துப் போய்விடுவேன். தட்டு வெறுமையாகக் கிடக்க, பிள்ளைகள் புடக்குகையின் மூடியைத் திறந்து அதில் ஆற வைத்திருக்கிறார்கள்.

நான் திரும்பி வர, பாடசாலை அதிபர் பணிப்பாளரோடு படத்தடியில் நிற்கிறார். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். அதிபர் மூன்று விரலையும் புடக்குகைக்குள் விட்டு அள்ளி நெற்றி நிறையப் பூசினார்.

"சேர், நீங்களும் பூசுங்கோ."

பணிப்பாளரும் பூசினார். நான் திருநீற்றுக் கிண்ணத்தோடு வாசலில் நின்றேன். வகுப்பிலே ஜெசிந்தா வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவம் என்றபடியால் கண்ணை மூடாமல் நின்றவள். அவள்தான் சொன்னாள்.

"சேர், நீங்கள் பூசினது எங்கடை விளைபொருள்."

ரீச்சர் கதிரையில் இருந்துவிட்டார். மிச்சத்தை நிறுத்தால், போட்ட நாடாவிலும் குறைவு.

"ஒட்சிசன் சயத்திலை வருது, ரீச்சர்" என்றது கணக்குப் பார்த்த பிள்ளை, அதாவது பூச்சியத்துக்கும் கீழே.

அதிபர் ரீச்சரின் காதுக்குள், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஒண்டுக்கு ஒண்டு எண்டு புத்தகத்திலை கிடக்குத்தானே. அதை எழுத விடுங்கோவன்."

"வந்ததைத்தான் சேர் எழுதலாம்."

"வந்தது என்ரை நெத்தியிலையெல்லோ கிடக்கு."

"அப்ப உந்த ஸ்டூலிலை இருங்கோ" என்று ரீச்சர் தூரிகையை எடுத்தார்.

அதிபர் அண்ணாந்துகொண்டு இருந்தார். பணிப்பாளரும் சிரிக்காமல் பக்கத்து ஸ்டூலில் இருந்தார். நான் சிவசிவா என்று சொல்லிக்கொண்டு கீழே கடுதாசி பிடித்தேன்.

"வேர்வையும் சேர்ந்திருக்கும் பிள்ளை, திருப்பிச் சூடாக்கி நிறுங்கோ" என்றார் பணிப்பாளர்.

நிறுத்தார்கள். ஒன்றுக்கு ஒன்று வரவில்லை. ஒட்சிசன் சயத்திலிருந்து ஏறினாலும் இன்னும் குறைவுதான்.

"மிச்சம் எங்கை போனது?" அதிபர் கேட்டார்.

"உங்கடை நெத்திச் சுருக்கத்துக்குள்ளை" என்றார் ரீச்சர்.

ஜெசிந்தா, பிழைகளை எழுதும் வழுக்கள் என்ற தலைப்பின் கீழ், 'விளைபொருளின் ஒரு பகுதி அதிபரில் தங்கியிருக்கலாம்' என்று எழுதினாள். பணிப்பாளர் அதை வாங்கி வாசித்தார். அதிபரின் முகம் கறுத்துப்போச்சு.

"நான் போன இடமெல்லாம் விடை சரியா வந்தது, அதிபர். செய்யாமலே வந்தது. இஞ்சை செய்திருக்கினம். வகுப்பு இருக்கட்டும்" என்றார் பணிப்பாளர்.

தம்பி தங்கச்சிமாரே, கும்பிடுகிற இடத்தையும் வேலைச் சாமான் வைக்கிற இடத்தையும் வேறாக்கி வையுங்கள். விடை பிழைத்தால் பிழைத்தபடியே எழுதுங்கள், அம்மாள் கோபிக்கமாட்டா. இந்தக் கதையை ஆருக்கும் சொல்வதென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கடைசியில் ஒண்டுக்கு ஒண்டு வந்தது என்று மட்டும் திருத்திவிடாதேங்கோ.