சிந்தாத ஆரத்தி

இடி விழுந்து பிழைத்தவளை எங்கள் பக்கம் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். முதல் மாதம் அவள் மாரியாத்தா காப்பாற்றிக் கொடுத்த பிள்ளை. அதன் பிறகு மண்டை கலங்கியவள். நான் இரண்டாவது கணக்கில் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தேன். மேகம் கறுத்தால் போர்மேன் குரல் கொடுப்பார். கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து கேட் பக்கம் நிற்க வேண்டும். அன்றைக்கும் வந்து நின்றோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அக்கா, தூக்குவாளியை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போனார். அந்த அறைமேல்தான் இடி இறங்கியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஊரே அண்ணாந்து பார்த்துக் கேட்ட மழை இப்படித்தான் வந்து சேர்ந்தது. இடிமேல் கேஸ் போடவா முடியும்?

அதிலிருந்து வெடிச் சத்தம் கேட்டால் போதும், தெரு என்றும் பாராமல் தரையில் படுத்துவிடுவேன். நான் இருப்பதோ சிவகாசிச் சீமை. கோயில் பொங்கலுக்கும் வெடி, சடங்குக்கும் வெடி, சாவுக்கும் வெடி. ஒரு சடங்கு வீட்டில் பந்தி நடக்கும்போது இலைமேலேயே விழுந்தேன். சாம்பாரும் சோறுமாக என்னை அண்ணன்தான் தூக்கி வந்தான். சிரித்தவர்களையும் உச்சுக் கொட்டியவர்களையும் இன்றுவரை மறக்கவில்லை. உச்சுக் கொட்டியவர்கள்மேல்தான் கோபம் அதிகம்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், இதுவும் காய்ச்சல் மாதிரி ஒரு நோய்தான், குணமாகும் என்று மாத்திரை எழுதினார். ஆமத்தூரிலிருந்து வரும் நர்ஸம்மாதான் வழி சொன்னார். "சத்தத்தைக் கண்டு ஓடுனா அது துரத்தும். தூரத்துல நின்னு கொஞ்சங் கொஞ்சமாப் பழகுங்க. நம்பிக்கையான ஆள் ஒண்ணு கூட இருக்கட்டும்."

நம்பிக்கையான ஆளுக்கு நான் எங்கே போவது? வீட்டுக்காரர் லோடு லாரியோடு வெளியூர் சுற்றுகிறவர். அண்ணன் மகள்தான் முன்வந்தாள். சாயங்காலம் இருவரும் வறண்ட கண்மாய்க்குள் போவோம். அவள் எட்டத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒற்றை வெடி ஒன்றைக் கொளுத்துவாள். நான் நிறைசெம்புத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். செம்பு அவள் யோசனை. சிந்தினால் மறுநாளும் அதே தூரம்; சிந்தாவிட்டால் கொஞ்சம் நெருங்கி வருவாள். ஆரம்பத்தில் செம்பு உருண்டது, நானும் உருண்டேன். அவள் ஓடிவந்து முதுகைத் தடவி, "மெதுவா மூச்ச விடுங்க அத்தே" என்பாள். ஆனி முடிவதற்குள் கல் வீசுகிற தூரத்தில் வெடித்தாலும் தண்ணீர் தளும்பியதோடு நின்றது.

ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பட்டாசுக் கடை. மாப்பிள்ளை அழைப்புக்குச் சரவெடி இல்லாமல் இருக்குமா? அவளே சொன்னாள்: "மாப்பிள்ளைக்கு நீங்கதான் அத்தே ஆரத்தி எடுக்கணும். எம்புட்டு வெடி போட்டாலும் நீங்க அசைய மாட்டீக." அன்றைக்கு நான் அழுதேன். என்னைத் தரையில் பார்த்த அத்தனை பேர் முன்னாலும் ஒரு தடவை நின்று காட்டிவிட வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அழைப்பன்று மண்டபத்தின் பின்னறையில் நானே மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துத் தட்டை விளிம்புவரை நிரப்பினேன். அண்ணன் எட்டிப் பார்த்தான். "இங்கனயே இரு தாயி. கார் வரவும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

மேளச் சத்தம் கிட்டே வந்தது. அண்ணன் வரவில்லை. கதவைத் தள்ளினேன். வெளியே தாழ் போட்டிருந்தது. தட்டினேன், கத்தினேன். அதற்குள் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள்.

முதல் வெடிக்கே முட்டி மடங்கியது. அக்காவின் தூக்குவாளி கண்ணுக்கு முன் வந்தது. செம்பு இல்லை, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாக வெடிமருந்து நெடி வந்தது. சுவரெல்லாம் அதிர்ந்தது. செந்நீர் விளிம்புவரை ஏறி ஏறி இறங்கியது. கடைசி வெடி அடங்கியபோது நான் நின்றுகொண்டிருந்தேன். பார்ப்பதற்குத் தேங்காய் மூட்டையைத் தவிர யாரும் இல்லை.

கதவு திறந்தது. அண்ணன் ஒரு கையில் தண்ணீர், ஒரு கையில் என் மாத்திரை வைத்திருந்தான். நான் நிற்பதைப் பார்த்ததும் மாத்திரையைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"ஒரு சொட்டு சிந்தல, பாருண்ணே. எதுக்குப் பூட்டுன?"

"மாப்ள வீட்டாளுக யாரோ ஒன்னப் பத்திக் கேட்டாகளாம். எம்புள்ள பயந்துருச்சு. தாழ் போடச் சொல்லி அதுதான் கெஞ்சுச்சு."

இடிக்கு என்னைத் தெரியாது, அதை மன்னித்துவிடலாம். இவளுக்குத் தெரியும். என் செம்பு சிந்துகிறதா இல்லையா என்று இந்த உலகத்தில் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

தட்டோடு மேடை ஏறினேன். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றவள், கண்மாயில் சிரித்த அதே சிரிப்போடு கேட்டாள்: "எங்க அத்தே போயிட்டீக? உங்களத்தான் தேடிக்கிட்டே இருந்தேன்."

"இங்கனதான் இருந்தேன் தாயி. சிந்தாம வச்சிருக்கேன், பாத்துக்க" என்று தட்டை அவள் கையில் கொடுத்தேன்.

வாங்கிய கை நடுங்கியது. அவ்வளவு நேரம் நான் காத்த தண்ணீர் முழுவதும் அவளுடைய புதுப் பட்டில் சிந்தியது.