வெயில் ஆகாத தங்கையா

குடையைப் புஷ்பத்தின் கையிலிருந்த பச்சைக் குழந்தைக்கு மேலே பிடித்துக்கொண்டே நடந்தார் பக்கத்து வீட்டுத் தங்கையா. பெல்மதுளையிலிருந்து வந்த பஸ் நடுவழியில் பழுதாகி நின்ற நாள். உச்சி வெயில். தோட்டம் வரும்வரை அவர் தலையில் ஒரு துண்டுகூட இல்லை. முகமும் காதும் வெந்து கொப்பளித்து அவர் படுத்துக் கிடந்தது பிறகுதான் புஷ்பத்துக்குத் தெரிந்தது. கேட்டதற்கு, "புள்ளைக்குப் புதுத் தோலு தங்கச்சி. எனக்குப் பழகுன தோலு" என்றார்.

அந்தத் தோல் வெயிலுக்கு ஒருநாளும் பழகியதில்லை. முடி, புருவம், இமை எல்லாம் சோளக் குஞ்சம் மாதிரி வெளுப்பு. கண்மணி ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது வேலை. விடியலில் தொடங்கி மர நிழலிலேயே முடிந்துவிடும். ஆண்டவன் பார்த்துக் கொடுத்த வேலை. பட்டையில் மூக்கு முட்டக் குனிந்துதான் கத்தியை வைப்பார்.

"தொரை மரத்துக்கு முத்தங் குடுக்குறாரு" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

"அதாச்சும் மூஞ்சியத் திருப்பாம நிக்குதே" என்பார்.

துரை என்ற பட்டம் சிரிப்போடு நிற்கவில்லை. தங்கையா பிறந்தபோது தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை இருந்தார். தாய் மூக்காயி அந்தப் பங்களாவில் வேலை செய்தவள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வாய் சும்மா இருக்குமா? தகப்பன் செல்லையா மனைவியை அடிக்கவில்லை, விரட்டவில்லை. அவள் கையால் சோறு வாங்கித் தின்பதை நிறுத்திவிட்டார். அவள் சாகும்வரை அப்படித்தான். அதற்குப் பிறகும் தீபாவளிப் படையலில் தங்கையா தாய்க்கு இலை போட்டால், கிழவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

பழைய ரப்பர் மரங்களைத் தோட்டத்தில் பிடுங்கினார்கள். நிழல் போயிற்று. தங்கையாவை வெயிலில் புல்வெட்ட அனுப்பினார்கள். காதில் வந்த புண் ஆறவேயில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் புஷ்பம்தான் அவரை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டொக்டர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் தங்கையா அதைத் தகப்பன் முன்னால் தமிழில் சொன்னார்.

"ஒடம்புக்குள்ள எழுத்து மாதிரி ஒண்ணு இருக்காம்ப்பா. அதப் பாத்துத்தான் தோலுக்கு நெறம் வருதாம். நம்ம வம்சத்துல எப்பயோ ஒரு எழுத்து மாறிப்போச்சு. அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணு வாங்கித்தான் எல்லாரும் பொறக்குறோம். ஒண்ணு கெட்டிருந்தா மத்தது சமாளிச்சிரும். ரெண்டும் கெட்டாத்தான் இப்பிடி வெளுக்குமாம். நீங்களும் அம்மாவும் அத்த மகன், மாமன் மக. ஒரே பாட்டன்கிட்டருந்து ரெண்டு பேருக்கும் வந்திருக்கு. நீங்க குடுக்கலைன்னா நான் இப்பிடிப் பொறந்திருக்கவே மாட்டேன்."

கிழவர் வெற்றிலையை மென்று முடித்தார். "அந்தத் தொரைய ஒங்க டொக்டரு பாத்தாரா?" என்றார்.

புஷ்பம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புண் புற்றாகிக் கழுத்துக்கு இறங்கிவிட்டது என்றும் அதே டொக்டர் சொல்லியிருந்தார். அதைப் பற்றித் தங்கையா தகப்பனிடம் வாயே திறக்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் வைத்தியத்துக்குக் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். பஸ் ஏற்றிவிடப் புஷ்பம் மட்டுந்தான் போனாள். தங்கையாவின் கழுத்தைச் சுற்றிக் கட்டு. சட்டைப் பையில் கதிர்காமத்து விபூதி.

"அண்ணே, எல்லா சாமியும் கூட வரும்" என்றாள்.

"சாமிக்கும் சீட்டெடுக்கணும் தங்கச்சி" என்று சிரித்தார்.

பஸ் வந்தது. மிதிபலகையில் ஏறியவர் திரும்பி, குடையை மடக்கி அவள் கையில் வைத்தார்.

"தீவாளிக்கு அம்மாவுக்கு நீங்க எல போடுங்க. அப்பாவக் கூப்புடுங்க. வரமாட்டாரு, வெளியதான் நிப்பாரு. மழையா இருக்கும், இதக் குடுத்துருங்க."